பிரெஞ்சுத் தூதருக்கு ரோவிலில் திவசம்

சிட்னி ஃபெரியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். விழித்தபோது ஓபரா ஹவுஸ் என் வலப்பக்கம் இருந்தது. மறுபடி கண்ணயர்ந்து மறுபடி விழித்தேன். அப்போதும் அது வலப்பக்கமே இருந்தது. கப்பல் இன்னும் கிளம்பவில்லை போலிருக்கிறது, நம்மூர் மினி பஸ் மாதிரி ஆள் சேரக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தூக்கத்துக்குப் போனேன்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று இருமி எழுப்பினார். "அம்மா, நீங்கள் மேன்லிக்குப் போய்த் திரும்பி, இன்னொரு தடவையும் போய்த் திரும்பிவிட்டீர்கள். இந்தக் கப்பலுக்கு இரண்டு பக்கமும் மூக்கு. திரும்பாமல் அப்படியே பின்னால் வரும். உங்களுக்கு எந்தக் கரையில் இறங்க வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எந்தக் கரையும் வேண்டாம், நடுவில் இருக்கும் தண்ணீர் போதும் என்றேன். விமானப் பயணக் கிறுகிறுப்பு என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் பார்க்க வந்திருந்தேன். புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் ஒரு பிரெஞ்சு நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதை எழுதியவர் முழுநேர எழுத்தாளர் அல்ல. வெளியுறவுப் பணியில் இருந்தவர். அலுவலகத்துக்கு ஒரு பெயர், புத்தகத்துக்கு அம்மா வழியில் வந்த இன்னொரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தவர். இரண்டில் எதை எழுதினாலும் மற்றது கோபித்துக்கொள்ளும் என்பதால் இங்கே தூதர் என்றே சொல்கிறேன்.

பிரான்ஸில் பிரிட்டானிக் கடலோர மீன்பிடி ஊரில் பிறந்து, இளவயதில் புதுச்சேரியில் சிறிது காலம் வேலை பார்த்து, எங்கெங்கோ சுற்றி, கொழும்பில் மலர் என்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கண்டு, சிட்னியில் கான்சலாக, அதாவது துணைத் தூதராக, இருந்தபோது அவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் சொந்தங்கள் இருக்கும் மெல்பர்னிலேயே, ரோவில் என்கிற புறநகரில் தங்கிவிட்டார். போன வருடம் காலமானார். நான் தமிழாக்கிய நாவலில் சிட்னி ஃபெரியில் ஓர் அத்தியாயம் வருகிறது. கான்சலும் அவர் காதலிக்கும் பெண்ணும் கரையில் இறங்காமல் ஒரு மத்தியானம் முழுக்கப் போய் வந்துகொண்டிருப்பார்கள். மொழிபெயர்க்கும்போது, இறங்காமல் எப்படி இருக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம். இப்போது தீர்ந்தது.

பதிப்பாளர் தயார், நான் தயார். உரிமை இருப்பது மலரக்காவிடம். போனில் கேட்டேன். அவர் சொன்னது இது.

"நீங்கள் வந்து முழுக்க வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை. அதுக்குள்ள என்ர ஒரு விசயம் கிடக்கு. பிரெஞ்சில கிடக்குமட்டும் எனக்குப் பயமில்லை, இஞ்ச ஒருத்தருக்கும் அந்தப் பாஷை தெரியாது. தமிழில வந்தா ரோவில் முழுக்க வாசிக்கும். கேட்டுப்போட்டுத்தான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன்."

"என்ன விஷயம்க்கா அது?"

"அதைப் போனில சொல்லேலுமெண்டா உங்களை ஏன் கூப்பிடுறன்?"

பிரெஞ்சுக்காரரோடு அத்தனை வருடம் வாழ்ந்தும் அவருக்கு ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் பிரெஞ்சு. வீட்டில் ஆங்கிலமும், கணவர் தட்டுத்தடுமாறிப் பேசிய தமிழும்தான். ஆக, தன்னைப் பற்றிய புத்தகத்தை அவர் வாசித்ததே இல்லை. அதற்குள் தன் மானம் போகிற ஒன்று இருக்கிறது என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த நாவல் கிட்டத்தட்ட மனப்பாடம். அதில் மானம் போகிற மாதிரி எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அச்சு வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சிட்னியில் தங்கியது வெஸ்ட்மீட்டில், தோழியின் மகள் நிவேதா வீட்டில். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் எழும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் தூங்குவேன். எங்கள் உரையாடல் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டு வழியாகத்தான் நடந்தது. "ஆன்ட்டி, சாம்பார் செகண்ட் ஷெல்ஃப்ல இருக்கு. மைக்ரோவேவ் பண்ணிக்கோங்க. வாசல்ல கத்துறது குழந்தை இல்ல, பறவை. பயப்படாதீங்க." பறவைதான். ஆனால் குழந்தையை யாரோ அடிப்பது போலவே கத்தியது. நான் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்துதான் சாம்பாரைச் சுட வைத்தேன்.

மறுநாள் தூதரின்கீழ் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு அம்மையாரைச் சந்தித்தேன். க்ளேர் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்தை ஒட்டிய கடையில் உட்கார்ந்தோம். காப்பியை ருசித்துவிட்டு, இந்த நாட்டில் காப்பி பிரான்ஸை விட நன்றாக இருக்கிறது, இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். கும்பகோணம் டிகிரி காப்பி குடித்ததில்லை, பாவம். நான் விட்டுக்கொடுத்தேன்.

"விடியலில் எழுந்து நாவல் எழுதுவார். ஒன்பது மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார். தொலைந்த பாஸ்போர்ட், கடலில் மூழ்கிய சுற்றுலாப் பயணி, சிறையில் இருக்கும் பையன். அந்தப் பையனின் அம்மாவோடு ஒரு மணி நேரம் போனில் பேசுவார். அந்த அறையில் கேட்ட கதைகளை எழுதினாலே பத்து நாவல் வரும். ஒன்றைக்கூட எழுதவில்லை," என்றார் க்ளேர்.

"ஏன்?"

"அவருக்கு ஒரு பழக்கம். எந்தச் சந்திப்பு முடிந்தாலும் பேசியதை எல்லாம் முழுசாக எழுதுவார். பிறகு பேனாவை எடுத்து, யாராவது நம்பிச் சொன்னதாக இருந்தால் அதை அடித்துவிடுவார். மிச்சத்தைத்தான் மேலே அனுப்புவார். மேலே இருப்பவர்களுக்கு எரிச்சல். இவர் அறிக்கையில் ருசியே இல்லை என்பார்கள். ருசியெல்லாம் குப்பைக்கூடையில் கிடக்கும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கடற்புறா என் தட்டிலிருந்த உருளைக்கிழங்குச் சிப்ஸைத் தூக்கிக்கொண்டு போனது. நம்மூர்க் காக்கை கொஞ்சம் வெட்கப்பட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எடுக்கும். இதற்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை.

மெல்பர்னில் இறங்கியபோது வெயில். ரயிலில் ஏறியபோது மழை. இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றபோது, டாண்டினாங் மலைப் பக்கமிருந்து பனிப்புகை இறங்கி வீடுகளின் கூரைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ரோவிலுக்கு ரயில் கிடையாது. பஸ்தான். வந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலிகள், புகை. எனக்கு மறுபடி கண் சொருகியது.

"அக்கா இந்தியாவோ?" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. கையில் சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போகிற ஆள். நாற்பது வயது இருக்கலாம். போகும் இடத்தைச் சொன்னேன். "ரோவிலோ? ஐயோ, இது அங்க இருந்து வாற பஸ் அக்கா. அடுத்த தரிப்பில இறங்கி அந்தப் பக்கம் நில்லுங்கோ." மலரக்காவின் வீடு என்றதும் முகம் மலர்ந்தது. "பிரெஞ்சுக்காரற்ற வீடோ? நல்ல மனுசன். நான் படகில வந்தனான் அக்கா, இன்னும் விசா சரிவரேல்லை. என்ர பேப்பருகளை அவர்தான் வாசிச்சு விளங்கப்படுத்துறவர். என்ர முழுக்கதையும் அவருக்குத் தெரியும். ஒரு நாளும் வெளியால கதைக்கேல்லை." எனக்காக அவரும் இறங்கி, சரியான பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டுத்தான் போனார். அன்று அவர் வேலைக்குத் தாமதமாகத்தான் போயிருப்பார்.

மலரக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நாவலில் வரும் பெண் ஒல்லியாக, எந்நேரமும் ஓடிவிடப்போகிறவள் மாதிரி இருப்பாள். இவர் குள்ளமாக, முட்டி வலியோடு, சிவப்பு ஷூவும் சேலையுமாக இருந்தார். "வாங்கோ பிள்ளை. களைச்சுப்போனியள். முதல்ல தேத்தண்ணி," என்றார். வீட்டுக்குள் புட்டும் கருவாட்டுக் குழம்பும் மணத்தன. தூதரின் படம் ஒரு நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தது. படத்தில் மெல்லிய வாயும் பெரிய காதுமாக இருந்தார். அந்தக் காதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு ஆட்டைத் திவசம் என்று மலரக்கா சொன்னார். முதலாண்டு நினைவுநாள். எங்கள் பக்கம் தலைத் திவசம் என்போம். அதற்குள் வாசித்து முடித்துவிட வேண்டும் என்று பேச்சு.

குசினியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினோம். அவர் பயத்தங்காய் முறிப்பார், வெங்காயம் உரிப்பார், நான் வாசிப்பேன். கொழும்பு விசா கவுன்ட்டரில் கான்சல் அவளை முதன்முதலில் பார்க்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "நீலச் சேலையோ? அவருக்கு நிறம் தெரியாது பிள்ளை. அது பச்சை." கான்சல் இரவெல்லாம் உறங்காமல் அவளை நினைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தில், "சும்மா. குறட்டை விட்டிருப்பார்," என்றார். ஆனால் அத்தியாயம் முடிகிற நேரம் பார்த்துக் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். முடித்ததும் மூச்சை விட்டு, "இன்னும் வரேல்லை. நாளைக்கு வரும்," என்பார்.

ஒருநாள் நடு வாசிப்பில் பவானி அன்ரி வந்தார். எண்பது வயதிருக்கும். கையில் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம். ரோவிலில் யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அவரிடம் போய்த்தான் முடியும் என்று மலரக்கா முன்பே எச்சரித்திருந்தார். அன்ரி காலணியைக் கழற்றுவதற்குள் மலரக்கா என் கையெழுத்துப் பிரதியின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

"நீங்கள் மலருக்கு என்ன முறை? கலியாணம் கட்டினீங்களோ? எத்தினை பிள்ளையள்?" அன்ரிக்கு உட்காருவதற்கு முன்பே பதில் வேண்டியிருந்தது. சொன்னேன். "மலருக்கும் ஒரு பிள்ளை இருந்திருந்தா இண்டைக்குத் துணை. நேரத்தோட கட்டாமல் வயசு போய்க் கட்டினா இப்பிடித்தான்," என்று அவரை வைத்துக்கொண்டே சொன்னார். மலரக்கா கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தார். அது நிறைந்து வழிந்தது. அன்ரி போன பிறகு, "விளங்குதோ? இவதான் முதல் ஆளா வாங்குவா உங்கட புத்தகத்தை," என்றார்.

எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. எத்தனையோ வருடம் கழித்து, யாரோ ஓர் அன்ரி என்ன சொல்வாரோ என்று பயந்து ஒரு நல்ல நாவலை இருட்டில் வைப்பதா? அன்று படுக்கையில் புரண்டுகொண்டு, எது அந்த விஷயம் என்று அத்தியாயம் அத்தியாயமாகத் தேடினேன். கல்யாணத்துக்கு முன் இருவரும் மலையில் ஒரு விடுதியில் தங்குவார்களே, அதுவா? அதைக் கொஞ்சம் பூசி மெழுகினால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பிறகு என் மாணவிகளை நினைத்து வெட்கப்பட்டு, உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். மலரக்கா அந்தப் பகுதியைக் கன்னம் சிவக்கக் கேட்டார். "இது என்ன, ஊருலகத்தில நடக்காததோ," என்று மட்டும் சொன்னார்.

திவசத்துக்கு முன்தினம் ஐயரைப் பார்க்க த பேசின் என்கிற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போனோம். மலையடிவாரம். பனிப்புகைக்குள் யூகலிப்டஸ் மரங்களின் வெள்ளைத் தண்டுகள் மட்டும் நின்றன. எங்கிருந்தோ தவில் சத்தம் வந்தது, பக்கத்தில் போனால் அது ஸ்பீக்கர். அந்தப் புகையில், தூதர் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து பெரிய காதோடு எட்டிப் பார்த்திருந்தால்கூட நான் திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

ஐயர் விவரம் கேட்டார். "கோத்திரம்?" மலரக்கா என்னைப் பார்த்தார். பிரிட்டானியின் மீன்பிடிக் குடும்பத்துக்குக் கோத்திரம் தேடி நான் எங்கே போக. "தெரியாட்டி சிவகோத்திரம். எல்லாரும் அவருக்குள்ள அடக்கம்தானே. நட்சத்திரம்?" பிறந்த தேதியையும் ஊரையும் சொன்னோம். ஐயர் போனில் எதையோ தட்டி, "ரோகிணி. கிருஷ்ணர் பிறந்த நட்சத்திரம்," என்று திருப்தியாகத் தலையசைத்தார். மலரக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பார்த்துச் சம்மதித்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆர் செய்யிறது? பிள்ளையள் உண்டோ?" என்று ஐயர் கேட்டார். மலரக்கா வெளியே புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சின்ர மகன் செய்வான்," என்றார் கடைசியில்.

திரும்பி வந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். கான்சலும் அவளும் வயதாகி, அவர் கண் மங்கி, அவள் அவருக்குச் செய்தித்தாளில் வானிலை அறிக்கையை மட்டும் வாசித்துக் காட்டுவதோடு நாவல் முடிகிறது. நிமிர்ந்து பார்த்தால் மலரக்கா என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுதுக்கா."

"நீங்கள் எதையோ விட்டிட்டீங்கள். நான் ஓம் எண்டு சொல்லவேணும் எண்டதுக்காக விட்டிட்டீங்கள்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஒரு கமாவைக்கூட விடலக்கா. ராத்திரி தூங்காம ஒரு சொல்லுக்கு நாலு அகராதி பாத்தவ நான். என்னைப் போயி இப்படிச் சொல்றீங்களே," என்றேன். பையிலிருந்து பிரெஞ்சு மூலத்தை எடுத்து மேசையில் போட்டேன். கொஞ்சம் ஓசை வரும்படியே போட்டேன்.

அவர் அசரவில்லை. "அந்தக் கப்பலில நாங்கள் போய் வாறதை எடுங்கோ."

எடுத்தேன். பிரெஞ்சை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுத் தமிழில் சொன்னேன். 'அவள் பேசத் தொடங்கியபோது கப்பல் கரையை விட்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.' அதற்குப் பிறகு புத்தகத்தில் கொஞ்சம் வெற்றிடம். அதற்குக் கீழே, 'அவள் முடித்தபோது மழை நின்றிருந்தது. இன்னொரு தடவை போய் வரலாமா என்று கேட்டேன்.'

"நான் என்ன கதைச்சனான் எண்டு இல்லையோ?"

"இல்லக்கா. இவ்வளவுதான். இடத்தை வெறுமனே விட்டிருக்கார்." அதைத் தமிழிலும் அப்படியே விடச் சொல்லி அச்சுக் கோப்பவரிடம் நான் மல்லுக்கு நின்றதெல்லாம் அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. சிட்னியில் க்ளேர் சொன்னதைச் சொன்னேன். நம்பிச் சொன்னதை அவர் அடித்துவிடுவார் என்று.

மலரக்கா அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு முந்தி ஒரு கலியாணம் நடந்தது பிள்ளை. அந்த மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. ஒரு மகள், பெட்டைக்குஞ்சு, இருந்தவள். நாங்கள் இடம்பெயர்ந்து நடந்து போகேக்க காய்ச்சல் வந்து செத்துப்போட்டாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தாட்டது. பிறகு அண்ணன் என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அறை எடுக்கிறதுக்காகக் கலியாணம் கட்டாத பிள்ளை எண்டு சொல்லிப்போட்டான். அதுதான் கதை. ஒருக்காச் சொன்னது சொன்னதுதான், பிறகு மாத்தேலாமல் போச்சு. இஞ்ச என்ர தங்கச்சியும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. அந்தக் கப்பலில இவருக்கு மட்டும்தான் சொன்னனான். புத்தகம் வந்தவுடன 'நீ முழுக்க இதில இருக்கிறாய்' எண்டு சொல்லித் தந்தார். முழுக்க எண்டா அவளும் இருப்பாள் எண்டுதானே நினைப்பன்?"

"அவர் காப்பாத்தியிருக்கார்க்கா. யாருக்கும் சொல்லல," என்றேன்.

"ஓம். சொல்லேல்லை." தலையை ஆட்டினார். "அதுக்குச் சந்தோசப்படவோ? புத்தகத்தைத் தொடப் பயந்தனான். எண்டாலும் அவள் அதுக்குள்ள கிடக்கிறாள், ஒரு இடத்தில எழுதிக் கிடக்குதெண்டு ஒரு ஆறுதலும் இருந்தது. இப்ப பாத்தா ஒரு இடத்திலயும் இல்லை. தெரிஞ்ச மனுசனும் போட்டார். தங்கச்சி அவளைக் கண்டதே இல்லை. நானும் போனா, அப்பிடி ஒரு பிள்ளை இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. "புத்தகத்தை அச்சடியுங்கோ பிள்ளை. அதில பயப்பட ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு உளுந்தை ஊறப்போடப் போனார். இதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். கிடைத்துவிட்டது. சந்தோஷம் என்று சொல்ல எதுவும் எனக்குள் இல்லை.

திவசத்தன்று காலை, தங்கையின் மகன் ஜீன்ஸுக்கு மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "சிவகோத்திரத்தில், ரோகிணி நட்சத்திரத்தில்" என்று ஐயர் தூதரின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பிரெஞ்சுப் பெயர் சமஸ்கிருதத்துக்குள் எப்படியோ முண்டியடித்து நுழைந்துகொண்டது. எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. வெளியே வைத்த சோற்றுக்குக் காக்கை மாதிரி ஒன்று வருவதற்குள் வெள்ளைக் கொண்டைக் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கி எல்லாவற்றையும் முடித்தன. கிளி எடுக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. வெளிநாட்டில் கிளியும் எடுக்கலாம் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார்.

ஐயர் போன பிறகுதான் உண்மையான படையல். முன்னறையில் தூதரின் படத்துக்கு முன் வாழையிலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, காரசாரமான உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயசம், தயிர் எல்லாம் வைத்தார்கள். மலரக்கா அலமாரியைத் திறந்து ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினும், அவருக்குப் பிடித்த ஒரு துண்டுச் சீஸும் கொண்டு வந்து இலையோரம் வைத்தார். சீஸின் மணத்துக்குப் பவானி அன்ரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதை மனுசன் உயிரோட இருக்கேக்கயும் தின்னவரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அறை நிறைய ஆட்கள். ரோவில் முழுவதும் அங்கேதான் இருந்தது.

சாம்பிராணிப் புகை எழுந்தது. கற்பூரம் கொளுத்தப்போகிற நேரம் மலரக்கா, "கொஞ்சம் பொறுங்கோ," என்றார். "அன்ரி, உந்த இலையில இன்னொண்டு தாங்கோ. சின்னன் போதும்."

"ஆருக்கு?"

மலரக்கா இலையை வாங்கித் தூதரின் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். அதிலும் சோறு வைத்தார், பருப்பு வைத்தார், பிரட்டல் வைத்தார். நான் பாயசப் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ர மகளுக்கு," என்றார். "எனக்கு முந்தி ஒரு கலியாணம் நடந்தது. ஒரு பிள்ளை இருந்தவள். இடம்பெயர்ந்து போகேக்க காய்ச்சலில போட்டாள். துளசி எண்டு பேர். நான் உங்கள் ஒருத்தருக்கும் இதைச் சொல்லேல்லை."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் பவானி அன்ரியைப் பார்த்தார்கள். அன்ரி மலரக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வயசு?" என்று கேட்டார்.

"நாலு."

அன்ரி சுவரைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதை மெல்ல மடக்கி, அந்தச் சின்ன இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து இலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கையாலேயே அந்த உருளைக்கிழங்குப் பிரட்டலை வழித்து ஒரு தட்டில் போட்டுத் தள்ளி வைத்தார்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு ஆரும் இவ்வளவு உறைப்பு வைப்பினமோ மலர்?" என்று அதட்டினார். "அந்தத் தயிரை இஞ்சால எடு."